குளோரோபென்சீனைக் கைவிடுவது ஏன் இவ்வளவு கடினம்?

2001-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. ஷான் ஷஹீன், செர்தார் சாரிசிஃப்சி முதலானோர் எழுதியது. பாலிமரும் (நீண்ட சங்கிலி மூலக்கூறு) ஃபுல்லரீனும் (கார்பன் அணுக்களாலான பந்து) கலந்த சூரிய மின்கலத்தை அவர்கள் இரண்டு விதமாகச் செய்து பார்த்திருந்தார்கள். பொருட்கள் ஒன்றே, கரைப்பான் மட்டும் வேறு. டொலுவீனில் கரைத்துப் பூசிய கலம், தன்மேல் விழுந்த ஒளி ஆற்றலில் 0.9 சதவீதத்தை மின்சாரமாக்கியது. குளோரோபென்சீனில் கரைத்துப் பூசிய கலம் 2.5 சதவீதத்தை எட்டியது.

அந்தக் காலத்துக்கு 2.5 சதவீதம் பெரிய எண். துறையே குளோரோபென்சீன் பக்கம் திரும்பியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் வந்த சாதனைக் கலங்களின் செய்முறையைப் புரட்டினால் குளோரோபென்சீன், டைகுளோரோபென்சீன், குளோரோஃபார்ம் என்று மூன்று பெயர்கள்தான் மாறி மாறி வரும். மூன்றும் குளோரின் கொண்ட நச்சுக் கரைப்பான்கள். நச்சு குறைந்த கரைப்பானுக்கு மாற வேண்டும் என்று இன்று ஆய்வகங்கள் சொல்வதெல்லாம், ஒரு வகையில், டொலுவீன்போலக் குளோரின் இல்லாதவற்றை லின்ஸில் கைவிட்ட இடத்துக்கே திரும்பும் முயற்சி. அது ஏன் இத்தனை ஆண்டுகளை விழுங்கியது என்பதைப் புரிந்துகொள்ள, படலத்துக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

சிலிக்கான் கலத்தில் ஒளி பட்டதும் எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற நேர்மின் வெற்றிடமான துளையும் கிட்டத்தட்ட உடனே பிரிந்துவிடுகின்றன. பாலிமர், ஃபுல்லரீன் போன்ற கரிமப் பொருளில் அப்படி நடப்பதில்லை. எதிரெதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பைத் தணிக்கும் திறன் அங்கே குறைவு என்பதால் இரண்டும் கட்டுண்ட ஜோடியாகவே உலவுகின்றன. எக்சிட்டான் என்று பெயர். அதைப் பிரிக்க, எலக்ட்ரானைக் கொடுக்கும் பொருளும் வாங்கும் பொருளும் சந்திக்கும் எல்லை ஒன்று வேண்டும். எக்சிட்டானால் அழியும் முன் சுமார் 10 நானோமீட்டர் தூரம்தான் போக முடியும். ஆனால் போதிய ஒளியை உறிஞ்சப் படலம் 100 நானோமீட்டராவது இருக்க வேண்டும். 1986-இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங் இரண்டு பொருட்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்த கலம் 1 சதவீத அளவில் நின்றதற்கு இதுவே முக்கியக் காரணம்: எல்லைக்கு அருகில் பிறந்த எக்சிட்டான்கள் மட்டுமே பயன்பட்டன.

1995-இல் ஆலன் ஹீகர் குழு காட்டிய வழி, இரண்டையும் ஒரே கரைசலில் கலந்து பூசுவது. காயும்போது இரண்டும் தாமாகவே பிரிந்து, ஒன்றுக்குள் ஒன்று பின்னிய வலையாக உறைய வேண்டும். வலையின் இழை 10, 20 நானோமீட்டர் தடிமனில் இருந்தால் நல்லது. அதைவிடப் பெருத்தால் எக்சிட்டான் வழியிலேயே செத்துவிடும். மிகவும் மெலிந்து எல்லாம் குழம்பிப் போனாலோ, பிரிந்த மின்னூட்டம் மின்முனைவரை போகத் தொடர்ச்சியான பாதை இருக்காது.

இந்த வலையை யாரும் கையால் பின்னுவதில்லை. கரைப்பான் ஆவியாகும் அந்தச் சில நொடிகளில் அது தானாக உருவாகிறது. பாகு மெதுவாக ஆறினால் பெரிய கற்கண்டு, கிளறிக்கொண்டே இறக்கினால் பொடிச் சர்க்கரை என்பதுபோல, எந்தப் பொருள் முதலில் கரைசலைவிட்டு வெளியேறுகிறது, எவ்வளவு வேகமாகத் திரள்கிறது என்பதெல்லாம் கரைப்பானின் குணத்தைப் பொறுத்தது. தூய ஃபுல்லரீனான சி60, ஒரு மில்லிலிட்டர் டொலுவீனில் சுமார் 2.8 மில்லிகிராம்தான் கரையும். டைகுளோரோபென்சீனில் 27 மில்லிகிராம். கிட்டத்தட்டப் பத்து மடங்கு. லின்ஸ் குழு பயன்படுத்தியது பக்கக் கிளை சேர்த்து மேலும் கரையக்கூடியதாக்கிய ஃபுல்லரீன். ஆனாலும் டொலுவீனில் அது சீக்கிரமே திரண்டு பெரிய உருண்டைகளாகிவிட்டது, குளோரோபென்சீனில் நுண்ணிய கலவையாக நின்றது.

ஆகவே இங்கே கரைப்பான் வெறும் வண்டி அல்ல. பூசி முடித்ததும் காணாமல் போனாலும், உள்ளே எது எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டே போகிறது. சுவருக்கு அடிக்கும் பெயின்டில் தின்னரை மாற்றினால் காயும் நேரம் மாறும், மினுமினுப்பு கொஞ்சம் மாறும். இங்கே மாற்றினால் கலமே வேறு கலமாகிவிடுகிறது.

ஆய்வகத்தில் இந்த நச்சு பெரிதாக உறைக்காது. விரல் நுனி அளவுக் கண்ணாடித் தகடு, கையுறை பொருத்திய, நைட்ரஜன் நிரப்பிய மூடிய பெட்டியான குளோவ்பாக்ஸ், நிமிடத்துக்கு 2,000, 3,000 முறை சுழலும் மேடை. மைக்ரோபிப்பெட்டால் ஒரு சொட்டு மை, அதாவது பூசும் கரைசல், விடுகிறார்கள். சுழற்சியில் மையின் பெரும்பகுதி விளிம்பைத் தாண்டித் தெறித்து, சுற்றியுள்ள அலுமினியத் தாளில் ஒட்டுகிறது. மீதி ஒரு நிமிடத்துக்குள் காய்ந்து ஊதா அல்லது நீல நிறப் படலமாகிறது. ஆராய்ச்சி மாணவர் கையில் தடித்த ரப்பர் கையுறை, முன்னே கண்ணாடி. அவர் மூச்சு அந்த ஆவியைத் தொடுவதே இல்லை. கலத்தின் பரப்பு பெரும்பாலும் ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது.

ஆனால் கரிமச் சூரியக் கலத்தின் முழுக் கவர்ச்சியே அதைச் செய்தித்தாள்போல நீளச் சுருளில் அச்சிடலாம் என்பதுதான். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 100 நானோமீட்டர் படலத்தை ஒரு சதுர மீட்டருக்குப் பூச, திடப்பொருள் ஏறத்தாழ 0.1 கிராம் போதும். மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் கரைந்த மையென்றால் 5 மில்லிலிட்டர் கரைப்பான். கேட்கச் சொற்பம். 10 சதவீதச் செயல்திறனில் ஒரு கிகாவாட் தகடுகளுக்கு ஒரு கோடி சதுர மீட்டர் வேண்டும். அப்போது ஒரு துளிகூட வீணாகாமல் பூசினாலும், அந்த ஒரே அடுக்குக்கு 50,000 லிட்டர் கரைப்பான் காற்றில் ஆவியாகிறது.

இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். 30 சென்டிமீட்டர் அகலச் சுருள், நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குளோரோபென்சீன் உலர்த்தியிலிருந்து எழும். அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 240 லிட்டர் தூய ஆவியாகும். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு விதி குளோரோபென்சீனுக்கு அனுமதிக்கும் எட்டு மணிநேரச் சராசரி, பத்து லட்சத்தில் 75 பங்கு. அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய 3,200 கன மீட்டர் காற்று வேண்டும். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் உள்ள கூடத்தின் காற்றை மணிக்கு மூன்று முறைக்கு மேல் முழுதாக மாற்ற வேண்டும், அதுவும் வரம்பின் விளிம்பில் நிற்பதற்கு மட்டும். நடைமுறையில் எந்தத் தொழிற்சாலையும் ஆவியைக் கூடத்துக்குள் விடாது. உலர்த்தியை மூடி, ஆவியை உறிஞ்சி, குளிர்வித்து மீட்கும், அல்லது எரிக்கும். அதற்கெல்லாம் கருவியும் காசும் வேண்டும். மலிவான அச்சு என்ற வாக்குறுதி இங்கேதான் அடிவாங்குகிறது.

குளோரோஃபார்ம் இன்னும் மோசம். 1847-இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் அதை மயக்க மருந்தாக்கினார். 1853-இல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்தில் ஜான் ஸ்னோ கொடுத்தது அதைத்தான். பிறகு கல்லீரலையும் இதயத்தையும் அது என்ன செய்யும் என்று தெரிந்து அறுவை அரங்கைவிட்டு வெளியேறியது. இன்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் பட்டியலில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் இருக்கிறது. 61 டிகிரி செல்சியஸில் கொதிப்பதால் ஆய்வகத்தில் அது செல்லப்பிள்ளை: மின்னல் வேகத்தில் காய்ந்து, வலை பெருக்கும் முன்னே உறைந்துவிடும். அச்சு இயந்திரத்தில் அதே குணம் சாபம். அச்சுத் தலையின் வாயிலேயே மை காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

குளோரினுக்கு இன்னொரு வால் உண்டு. வேதியியல் ஆய்வகம் எதிலும் கழிவுக் கரைப்பானுக்கு இரண்டு கேன்கள் இருக்கும்: ஹாலஜன் (குளோரின், அயோடின் போன்றவை) உள்ளது, இல்லாதது. கலந்து ஊற்றினால் பொறுப்பாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். குளோரின் இல்லாத கரைப்பானான சைலீனை எரித்தால் கார்பன் டைஆக்சைடும் நீரும். குளோரோபென்சீனை எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு அமில வாயு வரும், வெப்பம் போதாவிட்டால் கொடிய நச்சான டையாக்சின்களும் உருவாகலாம். தனி உலை, தனி வாயுக் கழுவி, தனிக் கட்டணம். என் பார்வையில், குளோரினை விலக்குவதற்கு முகர்பவரின் உடல்நலம் எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் இந்தக் கழிவின் தலைவிதியும்.

எப்படி விலக்குவது? கரைப்பானை மட்டும் மாற்றினால் 2001-இன் டொலுவீன் கதைதான் திரும்ப வரும். ஆகவே மூலக்கூறையே மாற்றினார்கள்.

பாலிமரின் முதுகெலும்பு விறைப்பானது, தட்டையானது. அதுதான் ஒளியை உறிஞ்சி மின்னூட்டத்தைக் கடத்தும். அதில் தொங்கும் ஆல்கைல் பக்கச் சங்கிலிகள் மின்சாரத்துக்கு உதவாதவை, கரைவதற்காக மட்டும் ஒட்டவைத்தவை. சங்கிலியை நீட்டினால், கிளைக்கச் செய்தால், சாதாரண ஹைட்ரோகார்பன் கரைப்பானிலும் பொருள் கரையும். மிகவும் நீட்டினால் மூலக்கூறுகள் நெருங்கி அடுக்க முடியாமல் மின்னூட்ட ஓட்டம் தளரும். இந்த இழுபறியில் சரியான நீளத்தைத் தேடுவதே பல ஆண்டு வேலை.

2016-இல் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஹே யான் குழு, வட கரோலினாவின் ஹரால்ட் ஏட் குழுவோடு சேர்ந்து இதைத் தெளிவாகக் காட்டியது. நீண்ட பக்கச் சங்கிலி கொண்ட பாலிமர் ஒன்றை, ஃபுல்லரீனோடு, குளோரின் இல்லாத டிரைமெத்தில்பென்சீனில் கரைத்து, கூடவே சிறிது ஃபீனைல்நாஃப்தலீன் என்ற சேர்மானம் சேர்த்துப் பூசினார்கள். 11.7 சதவீதம் கிடைத்தது. அன்றைய சாதனை அளவுகளோடு தோளுக்குத் தோள் நின்ற எண். அதே பொருளை வழக்கமான குளோரின் செய்முறையில் பூசியபோது அவ்வளவு வரவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் உகந்த கரைப்பானைத் தனியாகத் தேட வேண்டும், குளோரோபென்சீன்தான் உச்சம் என்று விதியில்லை என்பது அங்கே நிரூபணமாயிற்று.

ஃபீனைல்நாஃப்தலீன் ஏன் என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு கிளைக் கதை இருக்கிறது. 2007 வாக்கில் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில், மையில் ஓரிரு சதவீதம் வேறொரு திரவம் சேர்த்தால் வலை சீராகிறது என்று கண்டார்கள். அதிலிருந்து வந்த டைஅயோடோஆக்டேன் துறை முழுக்கப் பரவியது. அதன் கொதிநிலை 300 டிகிரியைத் தாண்டும். எனவே கரைப்பான் போன பிறகும் அது படலத்துக்குள் தங்கிவிடும். வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் அயோடின் பிணைப்பை உடைக்க, பிறக்கும் தனி உறுப்புகள் (எதனோடும் சட்டென்று வினைபுரியும் மூலக்கூறுத் துண்டுகள்) பாலிமரைத் தின்ன ஆரம்பிக்கும். இருபது ஆண்டு கூரையில் கிடக்க வேண்டிய பொருளுக்குள் இப்படி ஒன்றைப் புதைத்துவைத்தது, என்னைக் கேட்டால், அளவீட்டு எண்ணின் மீதிருந்த மோகம். கரைப்பானில் குளோரினைத் தவிர்த்துவிட்டு சேர்மானத்தில் அயோடினை விட்டுவைத்த கட்டுரைகளும் உண்டு.

ஃபுல்லரீன் வெளியேறியதும் நிலைமை இலகுவானது. 2015-இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் ஷியாவேய் ஜான் குழுவின் ஐடிஐசி, 2019-இல் சாங்ஷாவின் யிங்பிங் ஸோ குழுவின் ஒய்6 ஆகியவை புதிய எலக்ட்ரான் ஏற்பான்கள். ஒய்6 முதல் அறிவிப்பிலேயே 15.7 சதவீதம் தந்தது. ஃபுல்லரீன் பந்துக்கு வேதியியலாளர் செய்யக்கூடிய மாற்றம் குறைவு; இவற்றிலோ பக்கச் சங்கிலிகளை விரும்பியபடி நீட்டலாம். அதே 2019-இல் பெய்ஜிங்கின் ஜியான்ஹுய் ஹோவ் குழு ஒய்6-இன் சங்கிலிகளை நீட்டி, குளோரின் இல்லாத டெட்ராஹைட்ரோஃபியூரானில் பூசி 16 சதவீதத்தைத் தாண்டியது. இன்று சிறு கலங்கள் 20 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன, சைலீனில் செய்தவை அதிக தூரம் பின்தங்கவில்லை. ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் ஃபெங் காவோவின் குழு 2024 இறுதியில் வெளியிட்ட ஆய்வு, வெவ்வேறு கரைப்பான்களிலிருந்து சம அளவு உயர்ந்த செயல்திறனைப் பெறலாம் என்றே காட்டியது.

காயும் வேகம் இன்னும் தலைவலிதான். ஆர்த்தோ சைலீன் 144 டிகிரியில் கொதிப்பது. குளோரோஃபார்மைவிடப் பலமடங்கு மெதுவாகப் போகும். அந்த அவகாசத்தில் ஒய்6 வகை மூலக்கூறுகள் திரண்டு பெருக்கும். இதற்காக மையையும் அடித்தளத்தையும் சூடாக்குகிறார்கள், ஈரப் படலத்தின் மேல் கத்திபோல மெல்லிய காற்றுத் தாரையை வீசிக் காயவைக்கிறார்கள். இந்த வேலை வேதியியலாளரின் கையைவிட்டு இயந்திரப் பொறியாளர் கைக்குப் போய்விட்டது. நல்ல அறிகுறிதான்.

சரி, சைலீன் நல்ல பிள்ளையா? பெயின்ட் கடைத் தின்னரின் நெடியில் டொலுவீனும் சைலீனும் கலந்திருக்கும். அதை மூடிய அறையில் நாள் முழுக்க முகர்ந்தவருக்குத் தலைவலியும் கிறுகிறுப்பும் தெரியும். கருவில் உள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடும் என்ற சந்தேகப் பட்டியலில் டொலுவீனை ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கிறது. முன்பு போட்ட அதே கணக்கைச் சைலீனுக்குப் போடுங்கள். ஒரு லிட்டருக்குச் சுமார் 200 லிட்டர் ஆவி. அமெரிக்க விதியின் வரம்பு பத்து லட்சத்தில் 100 பங்கு. தேவைப்படும் காற்று 2,000 கன மீட்டர். 3,200-இலிருந்து 2,000-க்கு வந்திருக்கிறோம். முன்னேற்றம்தான், ஆனால் கட்டுரைத் தலைப்புகளில் ‘பசுமை’ என்று முழங்கும் அளவுக்கு இல்லை. ஹாலஜன் இல்லை என்பது ஒரு தகவல். பசுமை என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி எழுதும் பழக்கம் இந்தத் துறையில் வேரூன்றிவிட்டது.

சைலீனுக்கும் அப்பால் போனால், சோம்பு வாசனை வீசும் அனிசோல் இருக்கிறது. மருந்துத் துறையின் கரைப்பான் வழிகாட்டிகளில் அதற்கு நல்ல பெயர். மக்காச்சோளக் கதிரின் சக்கை, கரும்புச் சக்கை ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் ஃபர்ஃபுராலில் இருந்து 2-மெத்தில்டெட்ராஹைட்ரோஃபியூரான் செய்யலாம். பிறப்பில் பசுமை, ஆனால் காற்றுபட்டு நாளானால் வெடிக்கக்கூடிய பெராக்சைடுகள் சேரும். ஆரஞ்சுத் தோலின் லிமோனீன் கேட்கவே இனிக்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிமர்களைக் கரைக்க அதற்குச் சக்தி போதாது, காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் தோல் ஒவ்வாமை உண்டாக்கும் பொருளாகவும் மாறும். தாவரத்திலிருந்து வந்தால் தீங்கில்லை என்ற நம்பிக்கைக்கு வேதியியல் ஒத்துழைப்பதில்லை.

தண்ணீரிலேயே செய்தால்? பாலிமரும் ஏற்பானும் எண்ணெய் ஜாதி, தண்ணீரில் கரையா. ஆனால் நானோ துகள்களாக்கி மிதக்கவிடலாம். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் பால் டஸ்டூர் குழு இந்த மையைப் பல ஆண்டுகள் வளர்த்தெடுத்தது. துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சோப்பு வகைப் பொருள் சேர்க்க வேண்டும், அது படலத்தில் தங்கினால் மின்னூட்டத்தைத் தடுக்கும், ஆகவே திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ குழு 2014-இல் சோப்பே இல்லாமல் எத்தனாலில் துகள்களை நிறுத்தி 4 சதவீதம் பெற்றது. பூசும் கூடத்தில் வெறும் சாராய ஆவி மட்டும். அழகான தீர்வு. ஒரு நெருடல்: துகள்களை உண்டாக்க முதலில் பாலிமரைக் குளோரோஃபார்மில் கரைத்துத்தான் எத்தனாலில் ஊற்றினார்கள். நஞ்சு மறையவில்லை, அச்சகத்திலிருந்து மை ஆலைக்கு இடம்பெயர்ந்தது. அதுவும் வீண் அல்ல. மூடிய கலனில் ஒரே இடத்தில் கரைப்பானை மீட்பது, நகரும் சுருளிலிருந்து பிடிப்பதைவிட எளிது. தென்கொரியாவில் கைஸ்ட் நிறுவனத்தின் பம்ஜூன் கிம் குழு, பக்கச் சங்கிலியையே நீர் விரும்பும் வகையாக மாற்றி, எத்தனாலும் நீரும் கலந்த கரைப்பானில் நேரடியாகக் கரைத்துக் காட்டியது. செயல்திறன் மட்டும் குளோரின் செய்முறைக்கு வெகு கீழே.

கரைப்பானே வேண்டாம் என்ற வழியும் உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஹெலியாடெக் நிறுவனம் சிறு மூலக்கூறுகளை வெற்றிடத்தில் ஆவியாக்கிச் சுருள்மேல் படியவைக்கிறது. விலை என்ன என்றால் பெரிய வெற்றிட அறைகள், அவற்றுக்கான முதலீடு. பாலிமர்கள் சூட்டில் ஆவியாகாமல் சிதைந்துவிடும் என்பதால் அவற்றுக்கு இந்த வழி அடைப்பு.

இவ்வளவும் கடைசி அடுக்குப் பூச்சின் கதை. பாலிமர் குடுவையில் பிறந்த கதையை யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்தத் துறையின் பாலிமர்களில் பெரும்பாலானவை, மூலக்கூறுத் துண்டுகளை ஒன்றோடொன்று கோக்கும் ஸ்டில் (Stille) இணைப்பு வினையால் செய்யப்படுகின்றன. அதில் நச்சுள்ள வெள்ளீயச் சேர்மங்கள் ஈடுபடுகின்றன, கழிவாகவும் வெளிவருகின்றன. பிறகு தூய்மைப்படுத்தல்: சாக்ஸ்லெட் கருவியில் மெத்தனால், அசிட்டோன், ஹெக்சேன் என்று வரிசையாக மணிக்கணக்கில் கழுவி, கடைசியில் குளோரோஃபார்மில் பாலிமரைப் பிரித்தெடுத்து, மெத்தனாலில் ஊற்றி வீழ்படிவாக்குவார்கள். சதுர மீட்டருக்கு 5 மில்லிலிட்டர் என்று நாம் கணக்குப் போட்டது இதைச் சேர்க்காமல். வெள்ளீயம் தேவைப்படாத நேரடி அரைலேற்ற வினைகள் வந்திருக்கின்றன, எல்லாப் பாலிமருக்கும் அவை இன்னும் ஒத்துவரவில்லை.

ஆகவே பசுமைக் கரைப்பானில் இத்தனை சதவீதம் என்று ஒரு கட்டுரை வந்தால் நான் முதலில் செய்முறைப் பகுதிக்குத்தான் போவேன். கலத்தின் பரப்பு எவ்வளவு, பூசியது நைட்ரஜனிலா திறந்த காற்றிலா, சேர்மானம் எது, மை எத்தனை டிகிரியில் இருந்தது ஆகியவை தேடினால் கிடைக்கும். பாலிமரைத் தூய்மைப்படுத்த எந்தக் கரைப்பானில் எத்தனை லிட்டர் செலவானது என்ற வரி மட்டும் பெரும்பாலும் இருக்காது.